நோட்டுப் புத்தகம் யார் கையில்?

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, "அப்பா, நான் ராப் பாடகன் ஆகப்போகிறேன்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

நான் சொல்கிறேன். முதலில் சாதம் பிசைந்த கை அப்படியே நிற்கும். அப்புறம் வீட்டு அம்மாளைத் திரும்பிப் பார்த்து, "கேட்டாயா, உன் பிள்ளை சொல்வதை?" என்பீர்கள். நல்ல மார்க் வாங்கினால் என் பிள்ளை; இப்படி எதையாவது சொன்னால் உன் பிள்ளை. இது உலக வழக்கம். மூன்றாவதாக அந்தக் கேள்வி வரும்: "அதில் என்னடா வரும்?"

பையன் சும்மா இருப்பானா? தயாராகத்தான் வந்திருப்பான். "அமெரிக்காவில் ஜே-ஸீ என்று ஒருவர். நியூயார்க்கில் ஏழைகளுக்காகச் சர்க்கார் கட்டிய குடியிருப்பில் வளர்ந்தவர். ராப் பாடித்தான் மேலே வந்தார். 2019-ல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவர் சொத்தை 100 கோடி டாலர் என்று மதிப்புப் போட்டது, தெரியுமா?" என்பான்.

நீங்கள் வாயடைத்துப் போக வேண்டியதில்லை. அந்த 100 கோடியில் ஷாம்பேன் இருந்தது, பிராந்தி இருந்தது, ஓவியங்கள் இருந்தன, பிற கம்பெனிகளின் பங்குகள் இருந்தன. அவருடைய பாட்டு உரிமைகளுக்குப் போட்ட மதிப்பு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவரைக் காட்டி ராப் தொழிலை எடை போடுவது, முதல் பரிசு விழுந்தவரைக் காட்டி லாட்டரிச் சீட்டு விற்பது மாதிரி.

பையன் சொன்ன பதில் சரியில்லை. ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கேள்வியும் சரியில்லை! "என்ன வரும்?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. அந்தத் தொழில் பிறந்து வளர்ந்த அமெரிக்காவிலேயே நடந்த நாலைந்து கதைகளைச் சொல்லுகிறேன். கேள்வி என்ன என்பது தானே விளங்கிவிடும்.

ராப் என்றால் என்ன என்று கேட்கும் பாட்டிமார்களுக்காக ஒரு வார்த்தை. பின்னால் தாளம் ஓடிக்கொண்டிருக்கும். அதன் மேல், ராகம் போட்டு இழுக்காமல், சொல்லை அடுக்கி, எதுகை தெறிக்க, பேசிக்கொண்டே போவதுதான் ராப். சாரீரம் குயில் மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. சொல்தான் முக்கியம், சொல்தான் இந்தத் தொழிலின் முதல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

*

1973-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11-ம் தேதி. நியூயார்க் நகரத்தில் பிராங்க்ஸ் என்ற பகுதி. ஸெட்ஜ்விக் அவென்யூவில் 1520-ம் எண் அடுக்குமாடிக் கட்டடம். அங்கே குடியிருந்த ஸிண்டி காம்ப்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புது உடுப்பு வாங்க வேண்டும். கையில் போதிய காசில்லை. என்ன செய்தாள்? கட்டடத்தின் பொது அறையைப் பிடித்து ஒரு நடன விருந்து வைத்துவிட்டாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டுப் போடும் வேலை அண்ணன் கிளைவுக்கு. அண்ணனுக்கு வயது 18. ஜமெய்க்கா தீவில் பிறந்தவர். வட்டாரத்தில் அவருக்குக் கூல் ஹெர்க் என்று பெயர்.

ஹெர்க் ஒரு சங்கதியைக் கவனித்து வைத்திருந்தார். பாட்டின் நடுவே பாடகர் ஓய்ந்து, தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் ஒன்று வருமல்லவா? ஆடுகிறவர்களுக்கு உற்சாகம் பிறப்பது அங்கேதான். ஆனால் அது சில விநாடிகளில் முடிந்துவிடும். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகளை எடுத்து, இரண்டு பெட்டிகளில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடிந்தவுடன் மற்றதில் அதையே தொடங்கினார் ஹெர்க். சில விநாடித் தாளம் பல நிமிஷத் தாளமாக நீண்டது. அதன் மேல் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை, நாற்பது வார்த்தை என்று பேச ஆரம்பித்தார்கள். ராப் வளர்ந்த வழி இதுதான். ஹிப்-ஹாப் கலையின் பிறப்பிடம் என்று அந்தக் கட்டடத்தை 2007-ல் நியூயார்க் மாநிலமே ஒப்புக்கொண்டது.

இனி ஹெர்க்கின் வரவு செலவைப் பாருங்கள். பின்னால் வந்தவர்கள் இசைத்தட்டு வெளியிட்டுப் பணம் பார்த்தார்கள், அவர் பார்க்கவில்லை. 2011-ல் உடம்புக்கு வந்தபோது மருத்துவக் காப்பீடு இல்லாமல், நண்பர்களும் ரசிகர்களும் கூடி நிதி திரட்ட வேண்டியதாயிற்று. 2023-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அமைப்பு அவருக்கு மரியாதை செய்தது. விருந்து நடந்து சரியாக ஐம்பது வருஷம்! பேர் வந்தது, சோறு வரவில்லை. இவரை வென்றவர் என்பீர்களா, தோற்றவர் என்பீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். அடுத்த கதையைக் கேளுங்கள்.

*

இந்தத் தெருக் கலையை இசைத்தட்டில் ஏற்றலாம் என்று துணிந்தவர்களில் முக்கியமானவர் ஸில்வியா ராபின்ஸன் என்ற அம்மாள். நியூ ஜெர்ஸியில் எங்கிள்வுட் என்ற ஊரில் கம்பெனி வைத்திருந்தார். 1979-ல் பாடகர்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதே ஊரில் ஒரு பிட்ஸாக் கடை. அதில் ஹாங்க் என்று ஓர் ஆசாமி வேலை பார்த்தார். பிராங்க்ஸ்காரர். அங்கே காஸ் என்ற ராப் பாடகருக்கு மேனேஜர் மாதிரி இருந்தவர். காஸின் பாட்டு நாடாவை ஓடவிட்டு, கடையில் வேலை செய்துகொண்டே கூடப் பாடுவது அவர் வழக்கம். விஷயம் அம்மாள் காதுக்கு எட்டியது. ஹாங்கைக் காரில் உட்கார வைத்துப் பாடச் சொன்னார், கேட்டார், சேர்த்துக்கொண்டார்.

இங்கேதான் சிக்கல். ஹாங்க் பாடுவாரே தவிர எழுதுகிறவர் அல்ல. நேரே காஸிடம் போனார். அப்புறம் நடந்ததைக் காஸ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தாம் எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போட்டு, "வேண்டியதை எடுத்துக்கொள்" என்றாராம். சிநேகிதன் முன்னுக்கு வந்தால் நம்மையும் கைதூக்கி விடமாட்டானா என்ற நம்பிக்கை.

'ராப்பர்ஸ் டிலைட்' வெளிவந்தது. ஏறக்குறைய 15 நிமிஷம் ஓடும் பாட்டு. அமெரிக்காவின் முதல் நாற்பது பாட்டுகள் வரிசையில் இடம் பிடித்த முதல் ராப் பாட்டு அதுதான். அதில் ஒரு வேடிக்கை உண்டு. காஸ் தம்முடைய மேடைப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் ஓர் இடம் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. ஹாங்க் அதையும் மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார்! பரீட்சையில் காப்பி அடிக்கிற பையன் பக்கத்துப் பையனின் பெயரையும் சேர்த்து எழுதி வைத்த கதைதான். ஊர் முழுவதும் பாட்டு ஒலித்தது. பாட்டுக்குள்ளே காஸின் பெயர் ஒலித்தது. காஸுக்கு ஒரு காசு வரவில்லை.

வேடிக்கை இதோடு முடியவில்லை. அந்தப் பாட்டின் பின்னணித் தாளக்கட்டு ஷீக் என்ற குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டிலிருந்து எடுத்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் சும்மா இருப்பார்களா? வழக்கென்று கிளம்பினார்கள். பாட்டை இயற்றியவர்கள் என்று அவர்கள் பெயர் ஏறியது. ஏன் என்றால் அவர்களிடம் காகிதம் இருந்தது. காஸிடம் நோட்டுப் புத்தகம்தான் இருந்தது. அதுவும் அன்றைக்கு ஹாங்க் கையில் இருந்தது!

பின்னாளில் காஸ், நியூயார்க்குக்கு வரும் சுற்றுலாப் பயணிகளைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போய், இந்தக் கலை பிறந்த தெருக்களைக் காட்டி விளக்கும் வேலையையும் செய்தார். சொத்தைப் பறிகொடுத்தவரே ஊராருக்கு அந்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி இல்லையா?

*

காகிதம் என்றேனே, அது என்ன காகிதம்? தொழிலின் சூட்சுமம் அதில் இருப்பதால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு பாட்டு வெளியானால் இரண்டு சொத்துக்கள் பிறக்கின்றன. சொல்லும் மெட்டும் ஒரு சொத்து, அது இயற்றியவருக்கு. ஸ்டூடியோவில் பதிவான ஒலி இன்னொரு சொத்து. அதற்கு 'மாஸ்டர்' என்று பெயர். மனையும் அதன் மேல் கட்டிய வீடும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனை ஒருவர் பேரிலும் வீடு ஒருவர் பேரிலும் இருக்கலாம் அல்லவா?

புதுப் பையன் கம்பெனிக்குப் போகிறான். கம்பெனி 'அட்வான்ஸ்' என்று ஒரு தொகையை நீட்டுகிறது. பையன் அதைச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு கார் வாங்குகிறான். உண்மையில் அது கடன். 100 ரூபாய்க்கு விற்றால் பாடகன் பங்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸும் ஸ்டூடியோச் செலவும் கழிவது அந்தப் 15-ல் இருந்துதான். கம்பெனியின் 85-ல் இருந்து அல்ல. கடன் முழுக்க அடைந்த பிறகும் மாஸ்டர் கம்பெனிக்கே சொந்தமாக இருப்பது பழைய ஒப்பந்தங்களில் சர்வ சாதாரணம். வீட்டுக் கடனைக் கடைசித் தவணை வரை கட்டி முடித்த பிறகும் வீடு பாங்கியுடையதுதான் என்றால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? இருபது வயதில், மேடை ஆசையில், போடுகிறார்கள்.

"ஏராளமாக விற்றுவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?" என்று பையன் கேட்கலாம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

எம். சி. ஹாமர் என்பவர் கலிபோர்னியாவில் ஓக்லண்ட் நகரத்துக்காரர். 1990-ல் அவர் வெளியிட்ட ஆல்பம் அமெரிக்காவில் 1 கோடி பிரதிகளுக்கு மேல் போயிற்று. ராப்பில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் ஆல்பம் அது. 21 வாரம் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் போட்ட தொளதொளக் கால்சட்டையை உலகமே போட்டுக்கொண்டது.

ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் குன்றின் மேல் மாளிகை எழும்பிற்று. சுமார் 200 பேருக்குச் சம்பளம். பழைய பேட்டைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு வேலை கொடுத்தார்; நல்ல மனசு என்றே சொல்ல வேண்டும். ஆனால் ரசிகர்களின் மோகம் ஒரு வாடகை வீடு. அவர்கள் காலி செய்யச் சொன்னால் மறுநாளே காலி செய்ய வேண்டியதுதான். 1996-ல் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர் கடனோடு ஹாமர் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். ஆறே வருஷம்! ஹெர்க்குக்குப் பேர் வந்தது, சோறு வரவில்லை. ஹாமருக்குச் சோறு அண்டா அண்டாவாக வந்தது, தங்கவில்லை.

*

பேரும் இருந்தது, நிதானமும் இருந்தது, காகிதம் மட்டும் கோணலாக இருந்தது என்றால் என்ன ஆகும்? மூன்று சிநேகிதர்களின் கதை இது.

நியூயார்க்குக்குப் பக்கத்தில் லாங் ஐலண்டில் அமிட்டிவில் என்ற ஊர். அங்கே பள்ளிக்கூட நாளிலேயே சேர்ந்த மூன்று பேர் 'டி லா ஸோல்' என்ற குழுவை அமைத்தார்கள். அதில் ஒருவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் ட்ருகாய். இது என்ன பெயர் என்கிறீர்களா? ஆங்கிலத்தில் தயிருக்குச் சொல்லும் 'யோகர்ட்' என்ற வார்த்தையின் எழுத்துக்களைப் பின்னாலிருந்து படித்தால் ட்ருகாய்! தயிர்ப் பிரியர்.

1989-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ராப் உலகத்தையே சிரிக்கவும் யோசிக்கவும் வைத்தது. கோபமும் வீறாப்பும்தான் ராப் என்று இருந்தவர்களுக்கு, விளையாட்டும் நட்பும்கூட ராப்தான் என்று காட்டினார்கள். பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக ஒலிகளை எடுத்து, பாட்டியம்மாள் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற மாதிரி தைத்திருந்தார்கள்.

வினை அந்தத் துண்டுகளில் இருந்தது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் விற்ற காலத்தில் அவற்றுக்கு அனுமதி எழுதி வாங்கினார்கள். கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் பாட்டுக் கேட்கும் காலம் ஒன்று வரும் என்று அந்தக் காகிதங்களை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. காலம் வந்தது. ஊரார் பாட்டெல்லாம் செல்போனில் கிடைத்தது. இவர்கள் பாட்டு கிடைக்கவில்லை. மாஸ்டர் இவர்கள் கையில் இல்லை. தீர்த்துக்கொள்ளும் அதிகாரமும் இல்லை. வருஷக் கணக்கில் புதிய தலைமுறைக்கு இவர்கள் இருந்ததே தெரியாமல் போயிற்று. மனம் வெறுத்து, 2014-ல் ஒரு நாள், தங்கள் பழைய பாட்டுகளை ரசிகர்களுக்கு இலவசமாகவே வாரி இறைத்தார்கள்.

2021-ல் அந்தப் பாட்டுகள் வேறு கம்பெனிக்குக் கைமாறின; சமரசம் ஏற்பட்டது. 2023 மார்ச் 3-ம் தேதி முதல் எல்லாரும் கேட்கலாம் என்று நாள் குறித்தார்கள்.

ட்ருகாய் அந்த நாளைப் பார்க்கவில்லை. பிப்ரவரி 12-ம் தேதி காலமானார். வயது 54. இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

நேயர்களே, பாட்டுத் தொழிலில் ஒரு காகிதத்தின் கனம் எவ்வளவு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

*

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் பையன் தொழிலையே வெறுத்துவிடுவான். காரியத்தைச் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

ஹாமரின் ஓக்லண்டுக்குக் கொஞ்சம் வடக்கே வல்லேஹோ என்று ஓர் ஊர். அங்கே இ-40 என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர், தம்பி, தங்கை, ஒன்றுவிட்ட சகோதரர் ஆகியோரைச் சேர்த்துக் குடும்பமாகவே ஒரு ராப் கோஷ்டி அமைத்தார். தொழில் தெரிந்த மாமன் ஒருவர் யோசனை சொன்னார். ஒலிநாடாவைத் தாங்களே பதிவு செய்து, காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராக, கடை கடையாக விற்றார்கள். பெரிய கம்பெனி பிறகு தேடி வந்தபோது, இவர் தம்முடைய சொந்தக் கம்பெனியின் பெயரோடுதான் ஒப்பந்தத்தில் உட்கார்ந்தார். ஏற்கனவே விற்றுக் காட்டியவனிடம் பேரம் பேசுவது கம்பெனிக்குச் சுலபம் இல்லை, பாருங்கள்!

அமெரிக்காவைத் தாண்டினால் இவர் பெயரைப் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக ஆல்பத்துக்கு மேல் ஆல்பமாக வெளியிட்டார். அவர் புதிதாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கொச்சை வார்த்தைகளை அந்த வட்டாரமே பேசுகிறது. 2023-ல் வல்லேஹோ நகரம், அவர் வளர்ந்த தெருவுக்கே அவர் பெயரை வைத்தது. நூறு கோடி டாலர் இல்லாவிட்டால் என்ன? ஐம்பத்தைந்து வயதில், வளர்ந்த தெருவில், தன் பெயர்ப் பலகையின் கீழ் நின்றாரே!

இன்னொருவர் நாஸ். 1973 செப்டம்பரில், ஸிண்டியின் விருந்து நடந்த மறு மாதம் பிறந்தவர். நியூயார்க்கில் க்வீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்தவர். 1994-ல், இருபது வயதில், 'இல்மாடிக்' என்ற முதல் ஆல்பத்தை வெளியிட்டார். ஜாஸ் வித்வானாகிய தகப்பனார் அதில் ஒரு பாட்டுக்குக் கார்னெட் வாசித்தார். விமரிசகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், விற்பனையோ சுமார்தான். பத்து லட்சம் பிரதி என்ற கணக்கை எட்ட 2001 வரை ஆயிற்று. ஹாமரின் ஓட்டத்துக்குப் பக்கத்தில் இது நத்தை ஊர்வது.

ஆனால் நத்தை ஊர்ந்துகொண்டே இருந்தது. 2021-ல் அமெரிக்க நாட்டு நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், நாட்டின் பொக்கிஷமாகக் காப்பாற்றி வைக்கும் ஒலிப்பதிவுகளில் இதையும் சேர்த்தது. அதே வருஷம், பல தடவை கைநழுவிப்போன கிராமிப் பரிசும் நாஸுக்கு முதல் முறையாகக் கிடைத்தது. வயது 47. ஆரம்பித்த வயதில் இருந்த பேனா அப்போதும் கையில் இருந்தது. அதுதான் விஷயம்.

*

பட்டியல் போட்டுப் பார்க்கலாமா? ஹெர்க்குக்குப் பேர் உண்டு, சோறு இல்லை. காஸுக்குச் சொல் உண்டு, பேரும் இல்லை சோறும் இல்லை. ஹாமருக்கு எல்லாம் வந்தது, நிற்கவில்லை. தயிர்ப் பிரியருக்கு நியாயம் வந்தது, மூன்று வாரம் தாமதமாக வந்தது. எத்தனை பிரதி விற்றது என்ற ஒரே அளவுகோலைப் பிடித்தால் ஹாமர் ஒருவர்தான் வெற்றி. மற்ற எல்லாரும் தோல்வி. அந்த அளவுகோல் சரியில்லை என்பது உங்களுக்கே தெரிகிறது.

என் அபிப்பிராயம் இது. ஐம்பது வயதில், தான் எழுதிய சொல் தன் பேரில் இருக்க வேண்டும். அது கால் வயிற்றுக்காவது சோறு போட வேண்டும். மிச்சத்துக்கு வேறு வேலை பார்த்தால் குற்றம் ஒன்றுமில்லை. ராப் பாடும் பெரும்பாலோருக்குப் பகல் வேலை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மூன்றாவதாக, எங்கோ ஓர் இளைஞன் அவருடைய சொல்லை, அவருடையது என்று தெரிந்தே, வாயில் முணுமுணுத்துக்கொண்டு போக வேண்டும். இம்மூன்றும் அமைந்தால் அது ஜெயித்த வாழ்க்கை. தெருவுக்குப் பேர் வைக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஆகையால், அப்பாமார்களே, அம்மாமார்களே! அந்தச் சாப்பாட்டு வேளை வரும்போது, "என்னடா வரும்?" என்று கேட்காதீர்கள். மோரை ஊற்றிக்கொண்டு, நிதானமாக, "எங்கே, உன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வா, பார்க்கலாம்" என்று கேளுங்கள்.

"நோட்டாவது, எல்லாம் போனில் இருக்கிறது" என்பான். சரி, போனையே காட்டட்டும். அங்கே ஒன்றுமே இல்லை என்றால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆசை அடுத்த பரீட்சைக்குள் தானே அடங்கிவிடும். இருக்கிறது, ஆனால் அடுத்த வீட்டுக்காரன் சொல்லாக இருக்கிறது என்றால், ஹாங்கின் கதையை எடுத்துச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாக இருக்கிறது, அத்தனையும் அவன் சொல், நம் வீட்டுக் கூடத்தையும் நம் தெருவையும், நாம் பேசும் பேச்சையும் பார்த்து அவனே எழுதியது என்றால், அப்போதுதான் நீங்கள் உண்மையாகக் கவலைப்பட வேண்டும். பிள்ளை கெட்டுப்போய்விட்டான் என்று அல்ல. பிள்ளையிடம் ஒரு சொத்து இருக்கிறது, அதற்கு இன்னும் பத்திரம் இல்லையே என்று.

தேதியும் பேரும் போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். யாராவது காகிதத்தை நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் தெரிந்த வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தை யாருக்கும் இரவல் கொடுக்காதே என்றும் சொல்லி வையுங்கள். சிநேகிதனாக இருந்தாலும் சரி.

அப்புறம், ஒரு தடவை பாடச் சொல்லித்தான் கேளுங்களேன். மோர் சாதம் ஒன்றும் ஆறிப்போய்விடாது.